நாற்பத்தொரு தடவை விழுந்த புல்லட்

கோவில்பதாகை ஏரிக்குள் ஒரு மனிதர் தினமும் காலையில் தன் புல்லட்டைத் தானே கீழே தள்ளிவிட்டுத் தானே தூக்கி நிறுத்துகிறார் என்ற செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது, மூன்று விளக்கங்களும் கூடவே வந்து சேர்ந்தன. ஒன்று, இன்சூரன்ஸ்: வண்டியை நசுக்கிப் பணம் வாங்கப் பார்க்கிறார். இரண்டு, ஆவி: வண்டியின் பழைய சொந்தக்காரர் குமணன்சாவடி சந்திப்பில் விழுந்து செத்தவர், அவர் இறங்கிப் போகும்வரை வண்டியைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லி எவனோ மந்திரவாதி கட்டளை. மூன்றாவதை மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: பெண்டாட்டிக்குப் பக்கவாதம், மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கும். உரக்கச் சொல்வதெல்லாம் வீட்டுமனை விளம்பரம். எனவே விசாரிக்கலாம் என்று கிளம்பினேன்.

ஏரிக்கரை டீக்கடைக்காரர் பச்சையப்பன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அருள்தாஸ் அண்ணாத்தய கேக்குறியா சார்? தங்கமான மன்சன். பீடி கெடையாது, தண்ணி கெடையாது. அதான் பேஜாரு. எதுனா ஒரு கெட்ட பயக்கம் இருந்தா மூள அது பக்கம் போயிருக்கும்ல.”

“நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“நான் போய்ட்டா கடைய யாரு பாக்கறது? தங்கவேலு பாத்தாப்ல. பக்கத்து ஊடு.”

பக்கத்து வீட்டுத் தங்கவேல் அங்கேயே பெஞ்சில் இருந்தார். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். பருத்த கைகள், இளகிய முகம். “பாத்தேன்னு சொல்ல முடியாது,” என்றார். “சத்தம் கேட்டுச்சு.”

“ஏரிக்கும் உங்க வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்குமே?”

“காத்து அந்தாண்டருந்து அடிச்சா கேக்கும் சார்.”

ஆக, பார்த்தவர் யாருமில்லை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நானே போனேன்.

மே மாதம். ஏரி வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நாரைகளுக்கென்று மிச்சமிருந்தது. ஓரமெல்லாம் வெடித்த களிமண், இடையிடையே கால் புதையும் மணல். அங்கே ஒரு பச்சை நிற பழைய புல்லட், அதன் பக்கத்தில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்ட, அறுபதை ஒட்டிய ஒரு மெலிந்த மனிதர்.

ஊர் சொன்னதில் முதல் பிழை உடனே தெரிந்தது. அவர் வண்டியைத் தள்ளவில்லை. ஒரு கோணிப்பையை விரித்து, சைடு ஸ்டாண்டை நீட்டியபடியே விட்டு, வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்து, தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல அதன்மேல் படுக்க வைத்தார். பிறகு சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கை ஹேண்டில்பாரைப் பிடித்தது, மற்றொன்று பின்னால் இருந்த கம்பியை. மூன்று முறை மூச்சு விட்டார். கால்களை ஊன்றி, பின்புறத்தால் வண்டியை நெம்பிக்கொண்டே, சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் நடந்தார். ஏறத்தாழ நூற்றித் தொண்ணூறு கிலோ இரும்பு மண்ணிலிருந்து எழுந்தது.

பாதியில் நின்றுவிட்டது. அவருடைய தொடைகள் நடுங்கியது எனக்கே தெரிந்தது. ஓடிப்போய் பின்சக்கரப் பக்கம் கை கொடுத்தேன். அவருக்கு முதுகுப்பக்கம் நான். பாரம் சட்டென்று குறைந்ததில்தான் ஆள் வந்ததே அவருக்குத் தெரிந்தது.

“யோவ்! கைய எட்றா! யார்ரா அது?”

நான் கையை எடுத்தேன். வண்டி கோணிப்பைக்கே திரும்பிப் போனது. அவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சற்றுத் தள்ளி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உயரமான ஒரு வண்டியில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். “அண்ணா, டீ வாங்கிக் குடுத்துருங்க,” என்றாள். “கேக்காம கை வச்சா இங்க டீ ஃபைனுங்க. விழுந்தவங்க கை தூக்கிக் காட்டுனாத்தான் தொடோணும். எங்க கிளப்புல அதான் முதல் ரூல்.”

அபராதத்தை அன்றைக்கே பச்சையப்பன் கடையில் கட்டினேன். இரண்டாவது டீயில் அருள்தாஸின் கோபம் இறங்கியது. “மன்சிக்க சார். பத்தொம்பதாவது தபா. சுத்தமா வந்துகினு இருந்துச்சு, நீ பூந்து கெடுத்துட்ட. இது கணக்குல வராது.” பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். அன்று சொன்னதும் பின்னால் சொன்னதும் சேர்ந்ததுதான் இது.

அருள்தாஸ் பட்டாபிராமில் பிறந்தவர். அப்பா அங்கே மிலிட்டரி சரக்கு ரயில் நிற்கும் சைடிங்கில் வேகனிலிருந்து மூட்டை இறக்கியவர். தன் மகன் முதுகில் எதையும் தூக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. மகனை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர் ஆனார். முப்பத்து மூன்று வருஷம். கையில் ஒரு பொத்தான் பெட்டி. மேலே, கீழே, முன்னே, பின்னே. ஐந்து டன் அச்சை ஒரு கட்டை விரலால் தூக்கி, முட்டை வைப்பது போல வைப்பார். வீட்டில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கியதில்லை. அதைத் தூக்கியவர் தெரசா. லாரித் தண்ணீர், கேஸ் சிலிண்டர், பிள்ளை, பீரோ எல்லாம் தெரசாதான். தெரசா ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இதையும் செய்தார். மகள் ஹெலினா கத்தாரில் நர்ஸ். அவளை அங்கே அனுப்பும் நாளன்று முப்பது கிலோ பெட்டியை ஆட்டோவில் ஏற்றியதும் தெரசாதான். அருள்தாஸ் ஆட்டோக்காரருக்கு வழி சொன்னார்.

ஓய்வு பெற்றதும் பூந்தமல்லியில் ஒரு பழைய புல்லட்டை வாங்கினார். “இன்னாத்துக்கு இந்த எரும மாடு? வுழுந்தா உன்னால தூக்க முடியுமா?” என்று தெரசா கேட்டார். “ஏன் வுழுவுது?” என்றார் இவர். ஐந்து மாதம் கழித்து விழுந்தது வண்டியில்லை. ஒரு புரட்டாசி மாதக் காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்த தெரசா விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி திரும்பியது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நடந்து வரும். விழுங்குவதில் சிக்கல், தண்ணீர் போல இருப்பது எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று எல்லாவற்றையும் மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

அதையெல்லாம் இருவரும் தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாமல் போனது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

பாத்ரூமில் தெரசா வழுக்கி விழுந்தார். அருள்தாஸ் தூக்கப் பார்த்தார். அறுபத்திரண்டு கிலோ. தொங்கும் உடம்புக்குக் கனம் கூடுதல். பிடித்த இடமெல்லாம் நழுவியது. நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிக் கத்தினார். எங்கள் பக்கத்தில் ஆபத்தென்றால் ஆட்கள் வருவார்கள். வராமல் இருக்கத்தான் தெரியாது. தங்கவேலோடு இன்னும் மூன்று ஆண்கள் வந்தார்கள். பாதி நனைந்த நைட்டியோடு கிடந்த தெரசாவை ஆளுக்கொரு கைகால் பிடித்துத் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். தெரசா வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டியிருக்கிறார். வலியில் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டைப் போர்த்த யாருக்கும் தோன்றவில்லை, அருள்தாஸ் உட்பட.

உதவி செய்தவனுக்கு அதைக் கதையாகச் சொல்லும் உரிமை உண்டு என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் ஒரு பெண்மணி தெரசாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “பாத்ரூம்ல ரொம்ப நேரம் அப்படியேவா கெடந்தீங்க?” என்று கேட்டார். இரக்கத்தோடுதான். ‘அப்படியே’ என்ற சொல் தெரசாவின் மடியில் விழுந்தது.

அதோடு அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். சிலுவைப்பாதைக்கும் போகவில்லை, குருத்தோலை ஞாயிறுக்கும் போகவில்லை. ஒன்பது நாள் புருஷனிடம் பேசவில்லை. பத்தாம் நாள் பேசினார்.

“ஆண்டவர்... சிலுவயோட... மூணு தபா... வுழுந்தாரு. ஊரே... பாத்துச்சு. அது அவரு... தலையெயுத்து. எனக்கு... வாணாம். இனிமே வுழுந்தா... அப்டியே கெடக்கறேன். எவனயும்... கூப்டாத.”

இதை அவர் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் அருள்தாஸைப் பயமுறுத்தியது. அடுத்த தடவை தெரசா விழுந்தால் ஒன்று இவர் ஒருவரே தூக்க வேண்டும். இல்லையென்றால் தெரசா தரையில் கிடப்பார், சொன்னால் செய்கிறவர்.

ஈஸ்டர் முடிந்த வாரம், வீட்டில் மூச்சு முட்டியது என்று புல்லட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். மணலில் முன்சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்தது. இவர் நல்லவேளை விலகி விழுந்தார். எழுந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். வண்டி அசையவில்லை. மறுபடி இழுத்தார். நடுமுதுகில் ஒரு நரம்பு ஊசி போலக் குத்தியது. தெரசாவை இழுத்த அதே இழுப்பு, அதே நழுவல். அங்கேயே நின்று அழுதார் என்று சொல்ல மாட்டேன். “கண்ணுல மண்ணு பட்டுச்சு” என்றுதான் அவர் சொன்னார்.

பத்தடி தூரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வர்ஷா. ஈரோட்டுக்காரி, கம்ப்யூட்டர் வேலை, பட்டாபிராமில் ஒரு ஃபிளாட். சனி ஞாயிறில் கரடுமுரடு வழிகளில் வண்டி ஓட்டும் ஒரு கிளப்பைச் சேர்ந்தவள், தினமும் ஆபீஸுக்கு முன்னால் அங்கே ஓட்டிப் பழகுவாள்.

“இன்னாம்மா வேடிக்க? ஒரு கை குட்த்தா கொறஞ்சா போய்டுவ?”

“நீங்க கை காட்டலீங்களே அங்கிள்.”

“எதுக்குக் காட்டணும்? பாத்தா தெர்ல?”

“தெரியுதுங்க. ஆனா வேணுமான்னு தெரியல. நான் மொதல்ல விழுந்தப்போ ஆறு பசங்க ஓடி வந்து தூக்குனாங்க. வண்டிய நிறுத்திட்டு என்னையும் சேத்துத் தூக்குனாங்க. அப்புறம் ஒரு மாசம் நான் இந்தப் பக்கமே வரலீங்க.”

அருள்தாஸ் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

அவள் தூக்கித் தரவில்லை. கற்றுக் கொடுத்தாள். “மொதல்ல உக்காருங்க அங்கிள். வண்டி எங்கயும் ஓடிப் போகாது. என்ஜின் ஆஃப், பெட்ரோல் ஆஃப். வலது பக்கம் விழுந்தா ஸ்டாண்ட மொதல்லயே வெளிய நீட்டி உட்ரோணும், இல்லீன்னா தூக்குற வேகத்துல அந்தாண்ட பக்கம் சாஞ்சுரும். கையால இழுக்காதீங்க, முதுகு போயிரும். கால்தான் தூக்கும். கை சும்மா புடிச்சுக்கத்தான்.” மூன்றாவது முயற்சியில் வண்டி எழுந்தது. அருள்தாஸ் அதன் டேங்க்கின்மேல் தலையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு தடவை. ஞாயிறு விடுமுறை. வர்ஷா அவரிடம் நேராகவே சொன்னாளாம்: “ஆளைத் தூக்கறது வேறங்க. அதை ஹெலினா அக்காகிட்டக் கேளுங்க.” ஹெலினாவும் கத்தாரிலிருந்து வீடியோவில் ஒரு தலையணையை அம்மாவாக்கிப் படிப்படியாகக் காட்டினாள்: ஒருக்களிக்க வை, முட்டி போட வை, முன்னால ஒரு ஸ்டூல், இடுப்புல துப்பட்டா கட்டிப் பிடி. எல்லாவற்றையும் அருள்தாஸ் கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஏரிக்குப் போவதை விடவில்லை. நூற்றித் தொண்ணூறைத் தூக்கியவனுக்கு அறுபத்திரண்டு எம்மாத்திரம் என்று ஒரு கணக்கு. கிரேன்காரர் கணக்கு.

ஊருக்குத் தெரிந்தது ஏரி மட்டும். மூன்று விளக்கங்களும் அங்கிருந்து புறப்பட்டவைதான்.

ஜூன் மாதம், நாற்பத்தொன்றாவது தடவை முடித்துக் காலில் மண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தார். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அறைப் பக்கம் வந்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தெரசா தரையில் கிடந்தார். ஜன்னலோரம் இருந்த ஜெபமாலையை எடுக்கத் தானாக எழுந்திருக்கிறார்.

அருள்தாஸ் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை நாள். பாய்ந்து போய், பின்னால் குந்தி, இரண்டு கைகளையும் அக்குளில் கொடுத்து, காலை ஊன்றினார். தெரசாவின் உடம்பு தரையை விட்டு எழும்பவும் செய்தது.

ஓங்கி ஒரு அறை. தெரசாவின் இடது கை. கன்னத்தில்.

“கேட்...டியா?”

மெதுவாகக் கீழே வைத்தார்.

“கேட்டியா... நீ?”

முப்பத்து மூன்று வருஷம் கிரேன் ஓட்டியவர். கொக்கியை மாட்டிவிட்டுக் கீழே நிற்பவன் கை காட்டாமல் ‘மேலே’ பொத்தானை ஒருநாளும் அமுக்கியதில்லை. அமுக்கினால் கீழே இருப்பவன் விரல் போகும். ஒரு தடவை கம்பெனி முதலாளியே வந்து “தூக்குய்யா” என்று கத்தியும், “கீழ இருக்கறவன் சொல்லட்டும் சார்” என்று நின்றிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னது பெருமையாக இல்லை.

தரையில், கட்டிலுக்கு முதுகைக் கொடுத்து, தெரசாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையெட்டும் தூரத்தில் கிடந்த போர்வையைக் காட்டினார். தெரசா கண்ணை மூடித் திறந்தார். போர்த்திவிட்டார்.

“வலிக்குதா?”

இல்லை என்று தலை.

“நான் தூக்கட்டா?”

பதில் இல்லை.

குக்கர் நாலு விசில் விட்டது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். தெருவில் தங்கவேலின் சரக்கு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார். கொடுக்கவில்லை. தன் வாழ்நாளில் அவர் செய்ததிலேயே கனமான வேலை அந்த அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என்கிறார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

கடைசியில் தெரசாதான் பேசினார்.

“வண்டி... எத்தினி தபா... வுழுந்துச்சு?”

“நாப்பத்தோரு தபா.”

“எல்லாம்... நீயே... தூக்கினியா?”

“ஒரு தபா மட்டும் ஒர்த்தன் கேக்காம கை வெச்சிட்டான். பத்திரிகைல எயுதறவன். டீ ஃபைன் போட்டு அனுப்சோம்.”

தெரசாவின் முகத்தில் இடது பாதி சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இடது கை முழங்கையளவு, மெல்ல, மேலே வந்தது.

“எங்க புடிக்கணும்?” என்று கேட்டார் அருள்தாஸ்.

தெரசா சொன்னார். இடுப்பில் துப்பட்டா. ஸ்டூல் முன்னால். முதலில் இடது முட்டி. மூச்சு. ஸ்டூலில் முழங்கை. மூச்சு. தெரசா சொல்லச் சொல்ல அவர் பிடித்தார். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். கட்டிலில் வந்து உட்கார்ந்தபோது இருவருக்கும் வேர்த்திருந்தது. புல்லட்டைத் தூக்கும் வித்தையில் ஒரு அசைவுகூட அங்கே பயன்படவில்லை.

“அப்ப ஏரில நாப்பத்தோரு நாளும் வீண்தானா?” என்று நான் வாய் தவறிக் கேட்டேன்.

“தூக்கறதுக்கு முன்னால வுடற மூணு மூச்சு. அது வீணில்ல,” என்றார்.

ஜூலையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரசா இன்னும் கோயிலுக்குப் போகத் தொடங்கவில்லை. போவாரா என்று நான் கேட்கவில்லை. தங்கவேல் வாசலில் நின்று, “எக்கா, உள்ள வரலாமா?” என்று கேட்டுவிட்டு, கை அசைந்த பிறகே உள்ளே வந்தார். அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் பருத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பேச்சு நடுவில் தெரசா புருஷனைச் சுட்டிக் காட்டி என்னிடம் புகார் சொன்னார்.

“நீ... ஃபைனு... குட்த்துட்ட. இவுரு... இன்னும்... டீ... குடுக்கல.”

“நான் என்னா பண்ணட்டும்? டாக்டரு தண்ணியா எதுவும் வாணான்றாரே. மாவு போட்டுக் கெட்டியா கலக்கித் தரேன்னா ஒத்துக்க மாட்ற.”

“அது... கஞ்சி. டீ... இல்ல.”

“டாக்டரு சொன்னதும் குடுக்கறேன் தெரசா.”

“கேக்காம... கை வெச்சது... டாக்டரா?”

விழுங்கும் பரிசோதனை அடுத்த மாதம் என்றார் அருள்தாஸ். போன மாதமும் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பச்சையப்பன் கடையிலிருந்து டீ வாங்கி வருவதற்கென்று வாங்கிய சின்ன ஃபிளாஸ்க், கழுவி, ஜன்னல் விளிம்பில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் அது காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.